விட்டுவிட்டு வந்தவர்களிடம் கேட்பவர்

குன்னூர் மார்க்கெட்டில் ஒரு குடை வாங்கப் போனாலும் அந்த அக்கா முதலில் விலையைக் கேட்க மாட்டார். கடைக்காரரைப் பார்த்து, “ஏனுங்க, இதே குடைய வாங்கீட்டுப் போனவங்க யாராச்சும் திருப்பிக் கொண்டாந்தாங்களா?” என்பார். இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார். கல்லாவுக்குப் பின்னால் உடைந்த குடை எதையாவது சாத்தி வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். கூடப் போகிற எனக்கு மானம் போகும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். நனைந்துகொண்டே குடையை விசாரிக்கிற ஆள் இந்த மலையில் அவர் ஒருவர்தான்.

குன்னூருக்கு மேலே ஒரு தனியார் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஆங்கிலத் துறையில் கெஸ்ட் லெக்சரர்கள். வருடத்தில் பத்து மாதம் சம்பளம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஆண்டவன் விட்ட வழி. அவருக்கு அப்போது நாற்பது வயது, எனக்கு முப்பது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைக் கண்ணு என்பார். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை எழுத எனக்கு அருகதை இல்லை என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். உண்மை அதுவல்ல. ஊர்க்காரர் யாராவது இதைப் படித்துவிட்டு அவரிடம் போய்ச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான்.

மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் விசாரணை மேடம். அது அவருக்கும் தெரியும். “வெச்சா வெச்சுட்டுப் போகட்டும். விசாரிக்காம ஏமாந்தவன்னு பேர் வாங்கறதுக்கு இது பரவால்ல” என்பார். மூன்றாம் வருடத்தில் படித்த ஒரு பெண்ணுக்கு பெங்களூரில் வேலை என்று கடிதம் வந்தது. எஸ்டேட்டில் இலை பறிக்கிற குடும்பம். லைன் வீடுகள் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டார்கள். அக்கா மட்டும் அந்தக் கம்பெனியை விட்டு வந்த பெண் ஒருத்தியின் நம்பரை எப்படியோ தேடிப் பிடித்தார். அரை மணி நேரம் பேசினார். பிறகு கடிதம் வந்த பெண்ணைக் கூப்பிட்டு அந்தக் கம்பெனி விடுதியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டார். அவள் போகவில்லை. அவளுடைய அப்பா கல்லூரி வாசலில் வந்து நின்று, “என்ற புள்ளைக்கு வந்த சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே டீச்சர்” என்று கத்தினார். அக்கா படியிறங்கிப் போய் அவர் கத்தி முடிக்கிற வரைக்கும் மழையில் நின்றார். அப்புறம், “அங்கிருந்து ஓடியாந்த புள்ளையோட நம்பர் இதுங்க. நீங்களே கூப்புட்டுக் கேட்டுட்டு, அப்பவும் அனுப்பறதா இருந்தா அனுப்புங்க” என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அந்த மனிதர் அதை வாங்கவில்லை. பெண்ணை அனுப்பவும் இல்லை.

இந்தக் குணம் அவருக்குப் பிறவியிலேயே வந்தது இல்லை. அவருடைய அப்பா எஸ்டேட் ஃபாக்டரி ஆபீசில் கிளார்க். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். அக்காவுக்கு மலைக்குக் கீழே சமவெளியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிப்பது என்பது ஒரு சடங்கு மாதிரி. ஊருக்குப் போக வேண்டும், டீக்கடையில் உட்கார வேண்டும், பையன் வேலை பார்க்கிற இடத்தில் ஒருவரையும், கோயிலில் ஒருவரையும், தெருவில் ஒருவரையும் கேட்க வேண்டும். அப்பா மூன்றையும் செய்தார். மூன்று பேரும் தங்கமான பையன் என்றார்கள். தங்கம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று பழமொழியே வைத்திருக்கிற ஜனங்கள் நாம். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதுக்கு என்று உண்மையை விழுங்கிவிட்டு வெற்றிலை போடுவோம். ஆடி மாதத்தில் அவசர அவசரமாகப் பேசி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் முடித்தார்கள். எட்டு மாதத்தில் அக்கா ஒரு பையோடு மலையேறி வந்துவிட்டார். இடது காது அன்றிலிருந்து சரியாகக் கேட்காது. வகுப்பில் அந்தப் பக்கம் உட்காரும் மாணவிகள் எழுந்து நின்றுதான் சந்தேகம் கேட்பார்கள்.

இதெல்லாம் அவரே என்னிடம் சொன்னது. அழுது சொல்லவில்லை, விடைத்தாள் திருத்திக்கொண்டே சொன்னார். பல வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு பெண்மணி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். அதே மாப்பிள்ளைக்கு இவருக்கு முன்பே நிச்சயம் செய்து, பிறகு வேண்டாம் என்று முறித்துக்கொண்ட பெண்ணின் அம்மா. “உங்கப்பா எங்கூட்டு வாசலத் தாண்டித்தான் சாமி போனாரு. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமே” என்றாராம்.

“அன்னிக்குத்தான் கண்ணு எனக்குப் புரிஞ்சுது. உள்ள இருக்கறவங்களக் கேக்கவே கூடாது. அவிய இருந்தாகணும், அதனால நல்லாத்தான் சொல்லுவாங்க. விட்டுட்டு வந்தவங்களத் தேடிப் போய்க் கேக்கணும்” என்றார். சொல்லிவிட்டு என் பேனாவை வாங்கி அடுத்த விடைத்தாளுக்கு மதிப்பெண் போட்டார்.

அண்ணன் வீட்டில்தான் இருந்தார். மார்க்கெட்டில் அண்ணனுக்கு விதைக்கடை. வீட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தடுப்புதான் அக்காவின் அறை. கதவு கிடையாது, திரைச்சீலை. அண்ணி கெட்டவர் இல்லை. ஆனால் அக்கா வீட்டில் இல்லாத நேரத்தில் உருளைக்கிழங்கு மூட்டையை அங்கேதான் இறக்கி வைப்பார். ஒருநாள் நான் போனபோது அக்கா மூட்டை மேல் போர்வையை விரித்து உட்கார்ந்து பாடம் தயார் செய்துகொண்டிருந்தார். “நாப்பது வயசாச்சு. என்ற கையில ஒரு ஊட்டுச் சாவி இருந்ததே இல்ல கண்ணு” என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அதனால்தான் வந்தது. மற்றவர்கள் சம்பளத்தைப் பார்ப்பார்கள். அவர் விளம்பரத்தில் தங்குமிடம் என்ற வரியை முதலில் தேடுவார். அப்புறம்தான் விசாரணை ஆரம்பிக்கும். இரண்டரை வருடம் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

ஒரே வேலைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் விளம்பரம் வந்தால் அந்த இடத்தை உடனே அடித்துவிடுவார். “புடிச்ச ஆளு நிக்கலைன்னா மாட்டுல குத்தமா, கட்டுத்தறில குத்தமா?” என்பார். பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியல் இருக்குமல்லவா, அதை ஜூன் மாதத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். அடுத்த ஜூனில் மறுபடியும் பார்ப்பார். காணாமல் போன பெயர்களுக்குக் கீழே கோடு போடுவார். கோடு போட்டவர்களைத்தான் தேடுவார். இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கண்டுபிடித்து, மூன்றே கேள்விகளோடு ஒரு கடிதம் எழுதுவார். பாஸ்போர்ட்டை யார் வைத்துக்கொள்கிறார்கள்? வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்று சொல்லி எத்தனை மணி வாங்குகிறார்கள்? நீங்கள் கிளம்பும்போது தடுத்தார்களா? பதில் வரும் விதத்திலும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. “நல்லா இருந்தவங்க ரெண்டு வரில முடிச்சுருவாங்க. கஷ்டப்பட்டவங்க ரெண்டு பக்கம் எழுதுவாங்க. ஒண்ணுமே எழுதலைன்னா இன்னும் பயம் போகலைன்னு அர்த்தம்.”

இப்படியே ஒவ்வொன்றாகக் கழிந்தது. ஆப்பிரிக்காவில் ஓர் இடத்தில் சம்பளத்தை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போக முடியாது என்று தெரிந்தது. கிழக்கே ஒரு நாட்டில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும் என்று போட்டிருந்தார்கள். அக்கா விடவில்லை. தாய்மொழி என்றால் தோல் நிறமா, பாஸ்போர்ட்டின் நிறமா என்று அவர்களுக்கே எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. அதற்கும் ஒரு கோடு. “அக்கா, நீங்க விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த யுனிவர்சிட்டிய மூடிருவாங்க” என்று நான் கேலி செய்வேன். “மூடறதா இருந்தா இப்பவே மூடட்டும், நான் போன பொறவு மூடாம” என்பார். என்னையும் நச்சரித்துப் பாஸ்போர்ட் எடுக்க வைத்தார். சான்றிதழ்களை எங்கே அட்டெஸ்டேஷன் செய்வது, எந்த வரிசையில் செய்வது எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைசியில் ஓர் இடம் தேறியது. வளைகுடாவில் ஒரு பல்கலைக்கழகம், முதல் வருட மாணவர்களுக்கு ஆங்கிலம். இரண்டு வருடத்தில் பட்டியலிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் காணாமல் போயிருந்தது. அந்தப் பெயருக்கு உரிய அம்மா தேவாலாவில் இருந்தார். நம் மாவட்டத்திலேயே! அக்கா சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். ஆடி மாதம், நல்ல மழை. “ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தர்லாம் கண்ணு, நீயும் வா” என்றார். ஊட்டிக்கு ஒரு பஸ், கூடலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து தேவாலாவுக்கு ஒரு பஸ். நடுவட்டம் தாண்டி மரம் விழுந்து ஒன்றரை மணி நேரம் நின்றோம். அக்கா அந்த நேரத்தில் வர்க்கி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, கேட்க வேண்டிய கேள்விகளை என்னிடம் ஒப்பித்துப் பார்த்தார். எதையாவது விட்டுவிட்டால் ஞாபகப்படுத்து என்றார். நானும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

தேவாலா டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். ஐந்து வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டு, படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தவர். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. “நல்ல ஸ்தலம் ஆணு டீச்சரே. பாஸ்போர்ட் நம்ம கையில தன்னே. ஞான் வரேன்னு சொன்னப்போ அவங்க அழுதாங்க, ஞானும் அழுதேன்” என்றார்.

அக்கா சம்பளத்தைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார். மீதி எல்லாம் வீட்டைப் பற்றி. கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? இன்னொரு சாவி யாரிடம் இருக்கும்? சொல்லாமல் யாராவது உள்ளே வருவார்களா? சன்னல் எந்தப் பக்கம்?

“ஒரே ஒரு சாவிதான். அது நம்ம பேக்ல. மேற்குப் பக்கத்து ஃபிளாட் மட்டும் வேண்டா டீச்சரே, வெயில் கொல்லும். கிழக்குப் பக்கம் கேட்டு வாங்கணும்” என்று சொல்லிவிட்டு அந்த டீச்சர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளறையில் அவருடைய அம்மா இருமினார். “எனக்குத் திரும்பப் போகணும்னு உண்டு. பட்சே, இனி எங்க?” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், கூடலூர் தாண்டிய பிறகு அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு, “இது சரி கண்ணு. இது சரியான எடம்” என்றார். அத்தனை வருடத்தில் அவர் எதையும் சரி என்று சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் எங்கள் துறையில் ஒரு கெஸ்ட் லெக்சரரைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அனுபவம் குறைந்தவள் நான், ஆகவே நான்தான். அக்கா வெளிநாட்டுக்குப் போயிருந்தால் இங்கே என் வேலை தப்பித்திருக்கும். அந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே வேறு வழியில்லாமல் செய்தேன் என்று சொல்ல என்னிடம் காரணம் கிடையாது. அந்த பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்திருந்தபோதே எனக்கும் அந்த வீடு வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆசைதான். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா உடனே விண்ணப்பித்திருக்கலாம். சான்றிதழ்கள் எல்லாம் அட்டெஸ்டேஷன் முடிந்து பிளாஸ்டிக் உறையில் தயாராக இருந்தன. ஆனால் ஆடி. ராகுகாலம்கூடப் பார்க்காத மனுஷி, ஆடிக்கு மட்டும் பயப்படுவார். அவருடைய வாழ்க்கை ஓர் ஆடி மாதத்துப் பேச்சில்தான் கெட்டது. கடைசித் தேதி ஆவணி ஐந்தாம் நாள் வாக்கில் வந்தது. ஆவணி பிறந்ததும் முதல் வேலையாக அனுப்பிவிடுகிறேன் என்றார். விளம்பரத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. விண்ணப்பங்கள் வர வரப் பரிசீலிக்கப்படும். அவரும் அதைப் படித்திருந்தார். “வந்தவுடனே பாக்கறதுக்கு அங்க என்ன ஆவி பறக்கக் காத்துட்டா இருக்கறாங்க?” என்று ஒதுக்கிவிட்டார். இரண்டரை வருடம் உலகத்தையே சல்லடை போட்டுச் சலித்தவர், தன் கண் முன்னால் இருந்த வரியைக் கோட்டை விட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். யோக்கியதை பார்த்தா கோபம் வருகிறது?

மதியச் சாப்பாட்டு நேரத்தில், துறையின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நான் விண்ணப்பித்தேன். நாற்பது நிமிடம் ஆனது.

மறுநாள் அக்காவுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். டீ குடிக்கும்போது என் பக்கம் திரும்பி, “ஏங்கண்ணு, கடைசித் தேதி வரைக்கும் விட்டா ஒண்ணும் ஆகாதில்ல? உனக்கு என்ன தோணுது?” என்றார். நல்ல காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

“தேதி இருக்குதில்லீங்கக்கா. அவசரமே இல்ல” என்றேன்.

அவர் உடனே நம்பினார். கடைக்காரரை நம்பாதவர், கண்டக்டரை நம்பாதவர், என்னை நம்பினார். இன்னொரு வர்க்கியை எடுத்து என் தட்டில் வைத்தார்.

ஒரே வாரத்தில் நேர்முகம் வைத்தார்கள், வீடியோவில். எங்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். அக்காவின் நோட்டு முழுக்க என் தலையில் இருந்தது. ஆசிரியர்கள் அங்கே நிலைத்து நிற்கிறார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். விட்டுவிட்டு வந்தவரைத் தேடிப்போய்க் கேட்டேன் என்றும் சொன்னேன். நேர்முகம் எடுத்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேலை கேட்டு வருகிறவர்களில் இப்படி விசாரித்துவிட்டு வந்தவரை நான் பார்த்ததில்லை என்றார். நான் நன்றி என்றேன். அந்தப் பாராட்டு யாருக்குச் சேர வேண்டியது என்பது மட்டும் என் வாயில் வரவில்லை.

ஆவணி முதல் தேதி அக்கா குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்து, விண்ணப்பத்தை அனுப்பினார். அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது என்று மறுநாளே பதில் வந்தது. அந்த வாரத்திலேயே நான் கல்லூரியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். துறைத் தலைவர் எல்லோர் முன்னாலும் கைகொடுத்து எந்த நாடு என்று சொல்லிவிட்டார். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு என் மேசைக்கு வந்தார்.

“எந்தத் தேதில போட்ட?”

சொன்னேன்.

விரலை மடக்கி எண்ணினார். “அப்போ நான் உன்கிட்டக் கேட்டதுக்கு மொத நாளு” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், என் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். அவர் குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். “கெழக்குப் பக்கத்து ஊடாக் கேளு. மேக்கால வெயில் தாங்காதுன்னு அந்த டீச்சர் சொல்லுச்சில்ல” என்றார். பிறகு போய்விட்டார். நான் கிளம்புகிற வரைக்கும் வேலை விஷயம் தவிர என்னிடம் அவர் வேறெதுவும் பேசவில்லை.

கிழக்குப் பக்கத்து வீடுதான் கிடைத்தது. எல்லாம் அந்த நோட்டில் இருந்தபடியே இருந்தது. பாஸ்போர்ட் என் கையில், வகுப்பு சொன்ன மணி நேரம்தான், சொல்லாமல் யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஏதாவது ஒன்றிலாவது அவர் தப்பாக இருக்க மாட்டாரா என்று முதல் வருடம் முழுக்கத் தேடினேன். இருந்திருந்தால், பாருங்கள் அக்கா, தப்பித்தீர்கள் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருப்பேன். குன்னூரில் என் இடத்தைத்தான் குறைத்தார்கள், அவருடைய வேலை நிலைத்தது. நான் போனதால்தானே அது நிலைத்தது என்று எனக்கு நானே சில நாள் சொல்லிக்கொண்டேன். அது எனக்கே நிற்கவில்லை.

முதல் விடுமுறையில் பேரீச்சம்பழ டப்பாவோடு அவரைப் பார்க்கப் போனேன். அதே தடுப்பு, அதே திரைச்சீலை. வாங்க என்றார். அந்த ‘ங்க’ எனக்கு முள்ளாகக் குத்தியது. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஊட்டியில் இந்த வருடம் பனி அதிகம் என்றார். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “துபாய்ப் பக்கமெல்லாம் ரொம்ப வெயிலுங்களா?” என்று கேட்டார். அக்கா அதைக்கூடக் கேட்கவில்லை. மாணவர்கள் எப்படி, வேலை எப்படி, வீடு எப்படி, எதுவும் இல்லை. அந்த இடத்தைப் பற்றி இரண்டரை வருடம் ஊர் ஊராகக் கேட்டவர், அங்கேயே இருக்கிறவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்கவில்லை. நானாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் விடைத்தாள் கட்டைப் பிரித்தார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான்காவது வருடம் எங்கள் துறையில் இன்னும் ஓர் இடம் காலியானது. விண்ணப்பங்களைச் சலிக்கிற குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். நானும் என்னை நேர்முகம் எடுத்த அதே பேராசிரியரும் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தோம். பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ விண்ணப்பத்தில் அக்காவின் பெயர் வந்தது. போட்டோவில் தலை பாதி நரைத்திருந்தது. வயது நாற்பத்தாறு, இங்கே வரம்பு நாற்பத்தைந்து. அந்த வரம்பு அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் போட்டிருக்கிறார். உள்ளே இருக்கிற என்னிடம் போடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இவர் உங்கள் பழைய கல்லூரி போலிருக்கிறதே” என்றார் பேராசிரியர். “அனுபவம் பிரமாதமாக இருக்கிறது. வயதுதான் ஒன்று கூடுதல். அதைத் தளர்த்த முடியும், இங்கே வேலை பார்க்கிற ஒருவர் நன்றாகத் தெரிந்தவர் என்று சொன்னால் போதும், நான் மேலே எழுதுகிறேன். உங்களுக்கு இவரைத் தெரியுமா?”

படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. இந்தப் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அதற்கு எதிரே அவர் ‘இல்லை’ என்று போட்டிருந்தார். கோபத்தில் போட்டாரா, என் தயவு வேண்டாம் என்று போட்டாரா, அல்லது அவரைப் பொறுத்தவரை அதுதான் உண்மையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இவர் வந்தால் பக்கத்து அறையில் உட்காருவார். தினமும் காலையில் நான் அந்த முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும். ஒருநாள் டீ குடிக்கும்போது இந்தப் பேராசிரியர், உங்கள் ஊர்ப் பெண் எங்களைப் பற்றி எவ்வளவு விசாரித்துவிட்டு வந்தார் தெரியுமா என்று அவரிடமே சொல்வார்.

பேராசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, தெரியும் என்ற ஒரே வார்த்தை, போதுமாக இருந்தது.

“அவ்வளவாகப் பழக்கமில்லை” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த விண்ணப்பத்தைத் திறந்தார்.